மிஸ் வோங்குக்கு ஒரு ரிலீஃப் ஆள்

பிரிக்பீல்ட்ஸ்
16 பிப்ரவரி 2025

அன்பு நாத்தனார் சந்திராவுக்கு,

உன் முழங்கால்கள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? பழனியப்பன் அண்ணனுக்குச் சர்க்கரை இறங்கியதா? இங்கே உன் அண்ணன் உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. மறதிதான் முற்றிக்கொண்டு போகிறது. என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

போன் போட்டுப் போட்டு அலுத்துப்போனதாக மாடிவீட்டு மலரிடம் சொன்னாயாம். போன் இல்லை சந்திரா. மணி அடித்தாலே இவர் பாய்ந்து எடுத்து, ரயில்வே ஆபீஸ் என்று சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை அதட்டிவிட்டு வாசலுக்கு ஓடுகிறார். மூன்றாவது கைப்பேசியை வாளித் தண்ணீரில் முக்கி மேலே மூடியும் போட்டு வைத்திருந்தார். இனிமேல் வாங்குவதாக இல்லை. கடிதம்தான். மலர் பங்சாருக்கு வேலைக்குப் போகும்போது தபாலில் போட்டுவிடுவாள்.

ஒரு அதிசயம் சொல்கிறேன், சிரிக்காதே. போன வருஷம் ரஷ்யாக்காரி கலீனாவிடம் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேனே, லேஸ் பின்ன? நாலு வகுப்போடு நின்றுபோனது. அந்தத் தலையணையைத் திரும்ப எடுத்தேன். மரத்தூள் திணித்த உருளைத் தலையணை, மேலே படம் வரைந்த காகிதம், பதினான்கு மரக்கட்டைகளில் நூல். கட்டைகளை இரண்டிரண்டாகப் பிடித்து மாற்றிப் போட்டால் நாடா மாதிரி ஒரு பட்டை வளரும். கலீனாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ரஷ்யன் தெரியாது. அவள் பாசார்க் கடைகளில் கற்றுக்கொண்ட மலாயில்தான் பாடம்: சிலாங், பூசிங், சிலாங். குறுக்கே போடு, முறுக்கு, குறுக்கே போடு.

கட்டைகள் ஒன்றோடொன்று மோதி டக் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் உன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து மேசையருகே உட்கார்ந்தார். பழைய பேப்பரைப் புரட்டிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அது டைப்ரைட்டர் சத்தமாம். இவர் பெரிய கிராணி, ஆபீஸுக்கே தலைமைக் குமாஸ்தா. நான் அந்தக் காலத்து டைப்பிஸ்ட் மிஸ் வோங். "மிஸ் வோங், சூடா சியாப்?" என்று மலாயில் கேட்கிறார், முடிந்ததா என்று. நாற்பத்துமூன்று வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். என்னிடம் மலாய் பேசுகிறார்.

சத்தம் நின்றால் ஆபீஸ் மூடிவிட்டதாம். உடனே எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று கம்பிக்கதவைப் பிடித்து உலுக்குகிறார். போன மாதம் பூட்ட மறந்த ஒரு நாள் ரயில் நிலையம்வரை போய்விட்டார். காவலாளி பிடித்துக்கொண்டு வந்தார், காலில் ஒரு செருப்புதான் இருந்தது. அதனால் நான் நிறுத்துவதே இல்லை.

பதில் போடு. முடிந்தால் ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

உன் அண்ணி
தனலெட்சுமி


கிள்ளான்
2 மார்ச் 2025

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் பேச்சைக் கேட்கவில்லை, எதிர்த்துப் பேசுகிறது. அவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை, பலகாரத் தட்டும் இறங்கவில்லை.

அண்ணன் அமைதியாக உட்காருகிறார் என்று படித்து மனம் குளிர்ந்தது. அம்மனுக்கு விளக்குப் போட்டேன். வெள்ளைக்காரி வேலை என்று அன்றைக்குக் கேலி செய்தேன், அதற்காக இப்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். வல்லாரைக் கீரை பார்சல் அனுப்பியிருக்கிறேன். துவையல் அரைத்துக் கொடுங்கள், ஞாபகத்துக்கு நல்லது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஏதோ முதியோர் ஹோம் நடத்துகிறார்களாம், ஷா ஆலமில். இடம் இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். எங்கள் குடும்பத்தில் யாரையும் அப்படி விட்டதில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். நீங்கள் இருக்கும்போது அண்ணனுக்கு என்ன குறை.

கால் சரியானதும் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்
சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்
12 மார்ச் 2025

சந்திராவுக்கு,

கீரை வந்தது, பாதி அழுகி. மீதியை அரைத்தேன். உன் அண்ணன் அதைக் கோப்பில் வைக்கச் சொன்னார்.

எனக்கு என்ன குறை என்று நீ கேட்கவில்லை, பரவாயில்லை, நானே சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால், மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண் அசரும் முக்கால் மணி நேரம்தான் எனக்கு. அதற்குள் சமையல், குளியல், துணி. பிறகு மறுபடி சிலாங், பூசிங், சிலாங், அவர் மாத்திரை போட்டுப் படுக்கும்வரை. நான் கற்றுக்குட்டி. ஒரு கற்றுக்குட்டிக்குக் கை வலித்தால் நிறுத்தலாம், தப்புப் பண்ணினால் யோசிக்கலாம். எனக்கு இரண்டும் கிடையாது. தப்பையும் நிற்காமல் பண்ணிக்கொண்டே போக வேண்டும்.

நேர்ப்பட்டை எனக்கு வந்துவிட்டது. வளைவுதான் வரவில்லை. திரும்பும் இடத்தில் உள்பக்கம் நூல் குமிந்து முடிச்சு மாதிரி ஆகிறது, வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருக்கும் குண்டூசியையே இரண்டு மூன்று தடவை பயன்படுத்தணும் என்று கலீனா தாளில் படம் போட்டிருக்கிறாள். பட்டை வளைந்து வந்து பழைய பட்டையைத் தொடும் இடத்தில் குரோஷா ஊசியால் நூலை இழுத்துக் கோக்க வேண்டும். கோத்துவிட்டால் பிரிக்கவே முடியாது. அதற்கு முன்னால் எத்தனை தப்பு இருந்தாலும் பின்னோக்கி அவிழ்க்கலாம், கோத்தபின் அது அப்படியே கிடக்கும். என் லேஸ் முழுக்கத் தப்போடு கோத்தது.

இன்னொன்று மனதை அரிக்கிறது. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்கிறாரே, எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். மலாயில்தான் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆபீஸில் சொந்த விஷயம் பேசாதே என்கிறார். கூடப் பிறந்தவள் நீ, உண்மையைச் சொல். எனக்குத் தெரியாமல் வேறு வீடு ஏதும் வைத்திருந்தாரா? இந்த வயதில் சண்டை போட மாட்டேன். தெரிந்துகொள்ளத்தான்.

இந்த மாதம் 27ஆம் தேதி எனக்கு ஒரு நாள் வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு இரத்தப் பரிசோதனை, சும்மாதான். நீ வந்து உட்கார்ந்தால் போய்விட்டு வந்துவிடுவேன்.

தனலெட்சுமி


கிள்ளான்
5 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

இரண்டு பேரும் சுகம்தானே? உங்கள் கடிதம் கைக்கு வரும்போது தேதி தாண்டிவிட்டது. ஹரி ராயா விடுமுறை வேறு. இரத்தப் பரிசோதனைதானே, இன்னொரு நாள் கொடுப்பார்கள்.

அண்ணனைப் பற்றி அப்படி நினைக்காதீர்கள். எங்கள் அண்ணன் தங்கம்.

இங்கே ஒரே மழை. கோயில் திருவிழாவுக்கு நூறு பேருக்குச் சமையல், அதனால் அதிகம் எழுத முடியவில்லை.

சந்திரகலா


பிரிக்பீல்ட்ஸ்
8 ஏப்ரல் 2025

சந்திரகலா ஆன்டிக்கு வணக்கம்.

நான் மாடிவீட்டு மலர். நான் எழுதுவது தனம் அக்காவுக்குத் தெரியாது, தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள். இரத்தப் பரிசோதனை என்று உங்களிடம் சொன்னது பொய். அவர்களுக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. இரண்டு தேதி போய்விட்டது. மூன்றாவது தேதி மே 22. நான் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை முயன்றேன். எனக்குக் கட்டை பிடிக்கத் தெரியவில்லை. அங்கிள் பத்து நிமிஷத்தில் எழுந்து என்னைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் போய்விட்டார். அக்கா மின்தூக்கியிலிருந்து திரும்பி வந்தார்கள்.

இந்தத் தேதியும் போனால் நல்லதில்லை ஆன்டி. மன்னிக்கவும்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
10 ஏப்ரல் 2025

சந்திராவுக்கு,

நூறு பேருக்குச் சமைத்த கைக்கு இப்போது ஓய்வு கிடைத்ததா? நான் ஒருத்தருக்குச் சமைக்கவே நேரம் பார்க்கிறேன்.

சென்ற வாரம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இவர் பெரிய கிராணி, நான் மிஸ் வோங். அப்படியென்றால் மிஸ் வோங் லீவு கேட்கலாமே. வெள்ளைத் தாளில் மலாயில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். மரியாதையாக, தேதி போட்டு, மே மாதம் 22ஆம் நாள் உடல்நிலை காரணமாக ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று. ஒரு கையால் கட்டையை ஆட்டிக்கொண்டே மறு கையால் நீட்டினேன்.

வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தடவை படித்தார். சந்திரா, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய ஆளைப் பார்த்தேன். சிவப்புப் பேனா கேட்டார். விண்ணப்பத்தின் ஓரத்தில், ரிலீஃப் ஆள் இல்லை, அனுமதி இல்லை, என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகையாகிவிட்டது. ரயில்வேயில் அதுதானே சட்டம். மாற்று ஆள் வந்து நாற்காலியில் உட்காராமல் இருக்கிற ஆள் எழுந்திருக்கக்கூடாது. எங்கள் கல்யாணத்துக்கே இவருக்கு ரிலீஃப் வராமல் முகூர்த்தத்துக்கு அரை மணிக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தார். எங்கப்பா மண்டபத்து வாசலில் நின்றபடி வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினார்.

எனக்கு ஒரு ரிலீஃப் ஆள் வேண்டும். உன்னைத் தவிர யாரையும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

தனலெட்சுமி


கிள்ளான்
20 ஏப்ரல் 2025

அண்ணி,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.

நானும் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். கால் வலி உண்மைதான், ஆனால் கால் வலியால் நான் வராமல் இல்லை. போன தீபாவளிக்கு வந்தேனே, நீங்கள் அடுப்படியில் இருந்தீர்கள். அண்ணன் எழுந்து எனக்கு நாற்காலி போட்டு, "உட்காருங்க புவான், யாரைப் பார்க்கணும்?" என்றார், ஆபீஸுக்கு வந்த யாரோ ஒரு அம்மாவிடம் பேசுவதுபோல. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட ஆள் அண்ணி. அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் இல்லை. நான் வராமல் இருந்தால் அண்ணன் என்னை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதற்காக உங்களை அங்கே அடைத்து வைத்தேன். ஹோம் கூடாது என்று வேறு சட்டம் பேசினேன்.

மே 22க்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் தானே சமைத்துக்கொள்வார், இல்லையென்றால் பட்டினி கிடக்கட்டும். அந்தக் கட்டை எப்படிப் போடுவது, எழுதுங்கள். என்னால் எதையும் மெதுவாகத்தான் கற்க முடியும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

சந்திரா


பிரிக்பீல்ட்ஸ்
27 ஏப்ரல் 2025

சந்திராவுக்கு,

யார் சொன்னது என்று எனக்கும் தெரியும். இரண்டு நாள் மலரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இந்தக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தேன், ராசியாகிவிட்டோம்.

நாலு கட்டை போதும் உனக்கு. கட்டை கிடைக்காது, சீனன் கடையில் சாப்பிடும் குச்சி வாங்கிக்கொள். ஒவ்வொன்றிலும் கெட்டி நூலைச் சுற்றி, நாலு நூலின் முனையையும் சேர்த்து முடிந்து, ஒரு தலையணையில் குண்டூசியால் குத்து. இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வைத்துக்கொள். அந்த எண் கட்டைக்கு இல்லை, இடத்துக்கு. இதை மறந்தால் எல்லாம் போச்சு. நானும் முதல் நாள் இதில்தான் விழுந்தேன்.

சிலாங் என்றால் இரண்டாவது இடத்தில் இருப்பதை மூன்றாவதின் மேலே போடு. பூசிங் என்றால் இரண்டாவதை ஒன்றாவதின் மேலே, அதே நேரம் நாலாவதை மூன்றாவதின் மேலே. பிறகு மறுபடி சிலாங். அவ்வளவுதான். இதை வாயால் சொல்லிக்கொண்டே செய். அழகாக வர வேண்டியதில்லை. சத்தம் நிற்காமல் வர வேண்டும். கையைப் பார்க்காதே, பார்த்தால் நிற்கும்.

ஓர் உண்மை. உன்னைப் பார்த்ததும் அவர் உன் பெயரைச் சொல்ல மாட்டார். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு வா. வந்தபின் அழுதால் கை நிற்கும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சந்திரா. கட்டிக்கு இல்லை. கட்டி பெரிதாக இருந்து நான் போய்விட்டால் இந்தக் கதவுக்குள் இவர் யாரோடு இருப்பார் என்றுதான்.

தனம்


கிள்ளான்
11 மே 2025

அண்ணிக்கு,

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா? இங்கே நான் இரண்டும் இல்லாமல் சிலாங், பூசிங் என்று புலம்பிக்கொண்டிருக்கிறேன். இவர் எனக்குத்தான் மறதி நோய் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்.

முதல் வாரம் வெறும் சிக்கல். எண் இடத்துக்குத்தான் என்பதைப் புரிந்துகொள்ள நாலு நாள் ஆனது. இப்போது கோயில் சமையல்கட்டில் உட்கார்ந்துகூடப் பண்ணுகிறேன். என் நாடா நாடா மாதிரி இல்லை, கயிறு மாதிரி இருக்கிறது. ஆனால் நேற்று ஒரு மணி நேரம் சத்தம் நிற்கவில்லை. இவர் எதிரில் உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

21ஆம் தேதி சாயந்திரம் கொமுட்டர் ரயிலில் வந்துவிடுவேன். நாற்காலிக்கு மட்டும் ஒரு தலையணை வையுங்கள்.

சந்திரா


பிரிக்பீல்ட்ஸ்
7 ஜூன் 2025

அன்புச் சந்திராவுக்கு,

நீ சுகமாகக் கிள்ளான் போய்ச் சேர்ந்தாய் என்று மலர் சொன்னாள். பழனியப்பன் அண்ணன் பட்டினியால் இளைத்துவிடவில்லையே?

அன்றைக்கு நீ இருந்த பதற்றத்தில் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். நீ என் நாற்காலியில் உட்கார்ந்து கட்டையை எடுத்ததும் காதைச் சாய்த்துக் கேட்டார். என் விண்ணப்பத்தைத் தானாகவே கேட்டு வாங்கி, பழைய சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு "லுலுஸ்" என்று எழுதினார். அனுமதி. நான் கதவைத் திறந்து வெளியே போனேன். அவர் தலை தூக்கவே இல்லை. மின்தூக்கியில் என் கைகள் தானாக ஆடிக்கொண்டிருந்தன, பக்கத்தில் நின்றவர் நகர்ந்துகொண்டார்.

திரும்பி வந்தபோது என் லேஸின் ஒரு ஓரம் முழுக்க உன் கயிறு ஓடியிருந்தது. எனக்குக் கோபம் இல்லை. அதை அவிழ்க்கவும் இல்லை.

முடிவு வந்துவிட்டது. கட்டி கெட்டதுதான். ஆனால் பரவவில்லை என்கிறார்கள், எடுத்துவிட்டால் போதுமாம், அதற்கு மேல் மருந்து. 24ஆம் தேதி ஆஸ்பத்திரியில் சேரணும், 26 அறுவை. ஒரு நாள் ரிலீஃப் கேட்டவள் இப்போது பத்து நாள் கேட்கிறேன். முடியாது என்றால் அந்த ஷா ஆலம் ஆன்டியிடம் நானே பேசுகிறேன், நீ வருத்தப்படக்கூடாது.

தனம்


பிரிக்பீல்ட்ஸ்
25 ஜூன் 2025

அண்ணி,

ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்படி? மலர் இதை நேரில் கொண்டுவந்து தருவாள். இங்கே இரண்டு பேரும் நலம். ஒருத்தருக்குத்தான் விரல் வீங்கியிருக்கிறது.

ஹோம் கூடாது என்று இனி நான் வாய் திறக்க மாட்டேன். நேற்று ஒரு நாளில் எனக்கே மூச்சு முட்டிவிட்டது. நீங்கள் வந்தபின் இரண்டு பேரும் போய் அந்த இடத்தைப் பார்க்கலாம், பகலில் மட்டும் விடலாம், வேண்டாம் என்றால் வேண்டாம். முடிவு உங்களுடையது.

இப்போது முக்கியமான விஷயம். அண்ணனுக்கு நான் யார் என்று தெரியவில்லை. ரிலீஃபுக்கு வந்த தமிழ் கிராணி, அவ்வளவுதான். ஆனால் தமிழ் ஆள் என்பதால் தமிழில் பேசுகிறார். நேற்று மத்தியானம் என் கை சிக்கிச் சத்தம் நின்றுவிட்டது. உடனே எழுந்து கதவுக்குப் போனார். நான் எழ முடியாமல் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"ஏன் சார் இவ்ளோ அவசரம்? வீட்ல யாரு இருக்கா?"

"வைஃப் இருக்கு. தனம்னு பேரு. தனியா இருக்கும் லா. நான் போற வரைக்கும் சாப்பிடாது. பயந்த பொண்ணு, வெளியே காட்டிக்காது."

"அதை மிஸ் வோங் கிட்ட சொல்லியிருந்தா சீக்கிரம் விட்டிருப்பாங்களே சார்?"

"அது கல்யாணம் ஆகாத பொண்ணு. அதுகிட்ட போயி என் பெண்டாட்டி கதையைப் பேசுறதா? நல்லா இருக்கு உன் நியாயம்."

அண்ணி, வேறு வீடு எதுவும் இல்லை. அவர் கதவை உலுக்கியதெல்லாம் உங்களிடம் வரத்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் சொன்ன மாதிரியே அழுததில் கை நின்றது. அவர் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, தனம் காத்திருக்கும், தனம் காத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓவர்டைம் இருக்கிறது சார் என்று பொய் சொன்னேன். என்னைத் திட்டினார். நாளைக்கும் கேட்பார். என்ன சொல்லட்டும்?

நாளை நல்லபடியாக முடியும். அம்மன் இருக்கிறாள்.

உங்கள் சந்திரா


ஆஸ்பத்திரி
26 ஜூன் 2025, காலை

சந்திரா,

இன்னும் சற்று நேரத்தில் கூட்டிப்போவார்கள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அதை அவரிடம் சொல்லாதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மலாய்க்கார அம்மா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். இத்தனை மாதமும் நான் உள்ளே இருந்து அவரை வெளியே விடாமல் பூட்டினேன், அவர் என்னிடம் வரக் கதவை உலுக்கினார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சந்திரா.

அவர் கேட்டால் இப்படிச் சொல். சார், வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். தனம் சாப்பிட்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் துணைக்கு ஆள் இருக்கிறது, பயம் இல்லையாம். உங்களை வேலையை முடித்துவிட்டு மெதுவாக வரச் சொன்னாள்.

தனம்